பீரோவுக்கு அடியில் இருந்த பலகை

மாடி அறையில் பலகை உடைந்ததிலிருந்து குட்டி வாசலையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிறாள், வீட்டுக்கு மட்டும் இன்னும் குட்டி. நடனப் போட்டிக்காகக் குதித்துப் பழகியபோது மரத்தரை படக்கென்றது. குனிந்து பார்த்தால், ஒரு பலகை குறுக்கே விரிசல் விட்டு, கால் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது.

"தரைக்கு ஏதாவது ஆச்சு, அன்னியோட உன் ஆட்டத்துக்கு முழுக்கு" என்று அம்மா போன வாரம்தான் சொல்லியிருந்தாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். பெரிய டாக்டர்களே அவள் முன்னால் குரலைத் தாழ்த்துவார்களாம்.

ராத்திரி, அம்மா டூட்டி முடிந்து வருவதற்குள், தையல் மெஷினில் குனிந்திருந்த அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, திட்டக் கூடாது."

"முதல்ல விஷயத்தைச் சொல்லு. திட்டலாமா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

பலகை உடைந்ததைச் சொன்னாள். "அம்மா ஆடவே விடமாட்டாங்கப்பா. அடுத்த வாரம் போட்டி."

அப்பா ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். "சட்டை முதுகு கிழிஞ்சா என்ன பண்ணுவேன்? உள்மடிப்புல இருந்து துண்டு எடுத்து ஒட்டுப் போடுவேன். மடிப்பை யாரு பிரிச்சுப் பாக்கப் போறா? மாடியில பீரோவுக்கு அடியில இருக்கற பலகையை உடைஞ்ச இடத்துல போட்டுட்டு, உடைஞ்சதை பீரோவுக்கு அடியில தள்ளிடுவோம். வா."

மாடிக்குப் போய், ஆணிகளைப் பிடுங்கி உடைந்த பலகையைப் பெயர்த்து எடுத்தார்கள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பீரோவை நகர்த்தினார்கள்.

அங்கேயும் ஒரு பலகை உடைந்திருந்தது. பிளவின் மேல் வரிசையாக வெள்ளைப் பிளாஸ்திரி. காயத்துக்கு ஒட்டுவது போல ஓரமெல்லாம் அழகாக நீவிவிட்டிருந்தது.

"நான் இல்லப்பா."

"நானும் இல்ல. எனக்கு இவ்வளவு நேரா ஒட்ட வராது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அம்மா கைப்பையோடு மாடியேறி வந்து வாசலில் நின்றாள். தரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். பிளாஸ்திரியைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"சிஸ்டர், இந்தப் பேஷண்டுக்கு எப்ப அடிபட்டுச்சு?" என்றார் அப்பா, ரொம்ப மரியாதையாக.

"குட்டி பொறந்தப்புறம் குண்டாயிட்டேன்னு, நீங்க கடைக்குப் போனதும் இங்க கயிறு தாண்டினேன். போதுமா?"

"அப்ப உடைஞ்சதை பீரோவுக்கு அடியில மாத்திப் போட்டது?"

"உள்மடிப்புல இருந்து துணி எடுக்கணும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறது யாரு?"

"அது சரி. ஒத்தை ஆளா பீரோவை எப்படி நகத்தினே?"

"பயத்துல எதை வேணாலும் நகத்தலாம்."

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். குட்டி மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, அப்ப என் ஆட்டம்?"

அம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். ஓட்டைக்கு அருகில் மண்டியிட்டு, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"அடியில பலகையைத் தாங்கற மரச்சட்டத்துக்கும் சட்டத்துக்கும் ரொம்ப இடைவெளி. அதான் தாங்கல. நாளைக்கு நடுவுல இன்னொரு சட்டம் அடிச்சு, ரெண்டு பலகையும் புதுசா போடுங்க."

"கெட்டியா போட்டுடறேன். குட்டி ஆடணுமே."

"குட்டி மட்டும்தானா?" அம்மா அப்பாவை முறைத்தாள். "ரெண்டு பேர் சேந்து குதிச்சாலும் தாங்கற மாதிரி போடுங்க."