இடப்பக்கத்து மின்னல்

கொட்டகையில் நின்ற பேருந்தைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்ததும் முதலாளி தன் சிரிப்பை மடித்து வைத்துவிட்டார்.

"ஏம்மா, அந்தப் பக்கம் மின்னல் பாயுது. இந்தப் பக்கம் பிரேக் போட்டு மல்லாக்க விழுதே!"

ஸ்டிக்கர்க்காரி பார்த்தாள். அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். இப்படிப்பட்டவர்கள் எப்போதாவது ஒரு தடவை சரியாகப் பேசிவிடுகிறார்கள். அப்புறம் ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுகிறார்கள்.

பழைய விளையாட்டுச் சட்டைகளில் இருக்குமே, வலப்பக்கம் சாய்ந்து, உள்ளே வெறுமையும் சுற்றிலும் கோடுமாக, அந்தச் சாயலில் 'மின்னல்' என்ற பேருந்தின் பெயருக்காக அவளே கணினியில் வரைந்த எழுத்து அது. ஊரார் எழுத்தையே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் சொந்தமாகப் பெற்ற முதல் பிள்ளை. 'ன்', 'ல்' தலைமேல் இருந்த புள்ளிகள்கூட வெறும் வளையங்கள். காற்றில் பறக்கப்போகும் தொப்பியைப்போல் முன்னே தள்ளி நின்றன. திரையிலேயே பார்த்துப் பார்த்து ரசித்ததில், வண்டி என்றால் இரண்டு பக்கம் உண்டு என்பது மறந்துபோயிற்று. வலப்பக்கம் எழுத்து போகிற திசைக்குச் சாய்ந்தது. இடப்பக்கம் அதே எழுத்து வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தது.

"கிழிச்சுப் போட்டுட்டு, எல்லாரும் ஒட்டுற குண்டு எழுத்தையே ஒட்டிரு. நிக்கிறப்பவே ஓடுற மாதிரி இருக்கணும்னுதானே சொன்னேன்? என் வண்டிக்குன்னு ஒரு கெத்து இருக்குல்ல?"

"ஒரு நாள் குடுங்க சார். இந்தப் பக்கத்துக்கு மட்டும் எதிர்த்தாப்புல சாச்சுப் பாக்கறேன்."

"எழுத்து எங்கயாவது இடது பக்கம் சாயுமா?"

"அதான் எனக்கும் பாக்கணும்."

பிளேடால் ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்த கணவன் அவள் காதோரம் குனிந்தான். "உள்ள ஒண்ணுமில்ல, ஓரத்துல மட்டும் வேகம். ஆளுக்கேத்த எழுத்துதான். விட்டுராத."

அப்படியே மறுபக்கம் சாய்த்ததும் 'மி'யின் வளைவு குடிகாரன் தோள்போலச் சரிந்தது. ஒவ்வொன்றாக முதலிலிருந்து வரைந்தாள். மறுநாள் ஒட்டி முடித்தபோது முதலாளி கைகட்டி நின்றார்.

"தள்ளாடுதேம்மா."

"நின்னா தள்ளாடத்தான் செய்யும். ஓடுறப்பப் பாருங்க சார். அப்பவும் பிடிக்கலன்னா நானே கிழிச்சுடறேன்."

ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். மின்னல் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு அடங்கியது.

"நேத்துவரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார் முதலாளி.

"நேத்தும் தள்ளித்தான் சார் எடுத்தோம்," என்றார் ஓட்டுநர், உண்மையின் விலை தெரியாமல்.

கணவன் பின்னால் போய்க் கைவைத்தான். ஓர் ஆளுக்கு வண்டி அசைவதாக இல்லை. முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். தள்ளுவதற்குத் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்டிக்கர்க்காரி ஓடிப்போய் இடப்பக்கம் தெரியும்படி தெருவோரம் நின்றாள். கொட்டகையிலிருந்து பேருந்தின் மூக்கு வந்தது. பிறகு 'மி'. பிறகு வளையத்தை முன்னே நீட்டிக்கொண்டு 'ன்'. எழுத்துகள் ஆமை வேகத்தில், ஆனால் போகிற திசைக்கே போயின. கடைசியில் முதலாளி வந்தார்: தலை முன்னே, கால் பின்னே, எழுத்தின் அதே சாய்வில்.

"எப்படிம்மா... இருக்கு?"

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க சார்."

அவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.