நோன்பு திறந்த வாய்

செங்கல்பட்டில் செருப்புக் கடை வைத்திருக்கும் என் மச்சான் மொய்னுதீன், ரம்ஜான் பிறக்கும் முன்பே ஒரு நாற்காலி வாங்கிவிட்டார். சக்கரம் வைத்தது, முதுகுக்கு மெத்தை போட்டது. எனக்காக வாங்கினாராம்.

தப்பு என்னுடையதுதான். மாமல்லபுரத்தில் என் கடையில் மாக்கல்லில் குடைந்த பைப்பும், மரப் பைப்பும், பைப்பில் போட்டுப் பிடிக்கிற புகையிலையும் விற்கிறேன். வெள்ளைக்காரர்கள் வந்து பைப்பை உருட்டிப் பார்த்து அழகு என்பார்கள், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். "அழகுன்னு சொன்னா அடுப்பு எரியுமா?" என்று மச்சான் ஒருநாள் கேட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "என் கையால கலந்த புகையிலைக்குப் பெருநாளுக்குள்ள ஒரு ஆர்டர் வரலைன்னா, கடைய மூடிட்டு உங்க கடையில வந்து ஒக்கார்றேன்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவர் கடைக்கு நாற்காலி வந்துவிட்டது.

இருபது வருடம் கட்டிக் காத்த கடை. அதை விட்டுவிட்டு அடுத்தவர் காலுக்கு அளவு பார்க்கப் போவதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. அதனால் வெறியோடு கலந்தேன். இலையை ஆவியில் காட்டி, பனங்கற்கண்டுப் பாகு தெளித்து, தாழம்பூ மடலை நறுக்கி நடுவில் அடுக்கி, மேலே கல் ஏற்றி இரண்டு நாள் அழுத்தி வைப்பேன். ஒவ்வொரு தடவையும் அளவை மாற்றி, ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு எண் ஒட்டுவேன்.

எல்லாம் நோன்பு மாதத்தில். பகலில் புகையைத் தொட முடியாது. சாயங்காலம் பேரீச்சம்பழம் கடித்து, கஞ்சி குடித்து, தொழுதுவிட்டு மொட்டை மாடிக்குப் போய் பைப்பைப் பற்றவைப்பேன். நாள் பூராவும் காய்ந்து கிடந்த வாய்க்குள் முதல் புகை இறங்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். கீழே வந்து என் மனைவி ஷரீபுன்னிசாவிடம் சொல்வேன், அவள் நோட்டில் எழுதுவாள். அவள் கையெழுத்து அழகு, என் கையெழுத்து எனக்கே புரியாது. ஒன்றாம் எண்: சொர்க்கம். இரண்டு: இதற்கு மேல் இல்லை. மூன்று: சுபஹானல்லாஹ். நாலு மட்டும் வெறும் பரவால்ல, மற்றபடி ஏழு வரைக்கும் ஏறிக்கொண்டே போனது. ஏழாவதில் பூவும் பாகும் முதலாவதைப்போல இரண்டு பங்கு.

நாவலூரிலிருந்து ஆல்வின் சார் சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகப் போன் செய்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. பைப் பிடிக்கிற நாற்பது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள், குழுவுக்கு எந்தப் புகையிலை வாங்குவது என்று அவர்தான் ருசி பார்த்துச் சொல்வார். இவர் வேண்டாம் என்றால் பெருநாளுக்குள் வேறு ஆள் எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிங்காரம் மீன் கொடுக்க வந்தான். என் வயசுக்காரன், குப்பத்தில் படகு வைத்திருப்பவன், நான் கொடுத்த மாக்கல் பைப்பை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிகிறவன். ஏழாம் எண்ணை அவனுக்கு நிரப்பிக் கொடுத்தேன். நாலு இழுப்பு இழுத்தான்.

"இன்னா பாய் இது. அத்தர் பாட்டில வாயில கவுத்துக்கின மாதிரி கீது. நாக்கு வேற எரியுது."

"ஒனக்கு இன்னா தெரியும்? பீடி குடிச்ச வாய்தான அது?"

"அப்ப இன்னாத்துக்குக் கேட்ட?" என்று சாம்பலைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். மீனுக்குக் காசுகூட வாங்கவில்லை. நோன்பு வைத்தவன் கோபப்படக் கூடாது. பசியையும் தாகத்தையும் நான் தாங்கிவிடுவேன், அந்த ஒன்றுதான் முடிவதில்லை.

சனிக்கிழமை ஆல்வின் சார் சொன்ன நேரத்துக்கு வந்தார். துணிப்பையில் நாலு பைப், ஒரு தண்ணீர் பாட்டில். நான் ஏழாம் எண்ணைத் திறந்து வைத்தேன். மோந்து பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரலால் நசுக்கி ஈரம் பார்த்தார். மூன்று தவணையாக நிரப்பி, பற்றவைத்து, அழுத்தி, மறுபடி பற்றவைத்தார்.

"நீங்களும் பிடிங்களேன் பாய்."

"நோம்பு சார்."

"ஓ, சாரி" என்றவர் நாலைந்து இழுப்புக்குப் பிறகு தண்ணீர் குடித்தார். இன்னும் ஒன்று இழுத்தார், மறுபடி தண்ணீர். பிறகு பைப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லாருக்கு பாய். கொஞ்சம் ஹெவியா இருக்கு. பார்த்துட்டு போன் பண்றேன்."

போன் செய்கிறேன் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் செய்தார்கள் என்று கடைக்காரனுக்குத் தெரியும். அவர் கை கார் சாவிக்குப் போனது. எனக்கு நாற்காலியின் சக்கரம் கண் முன்னால் உருண்டது.

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. திரையை விலக்கிக்கொண்டு ஷரீபுன்னிசா வந்தாள். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் நாலாம் எண் பாட்டில்.

"சார், ஒரு அஞ்சு நிமிசம்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "இத ஏன் குடுக்கல?"

"அது வேஸ்ட்டு. நீதான எழுதின? பரவால்லன்னு."

"அன்னிக்கு ஒங்களுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுகினு நோம்பு வைக்கல. மத்தியானம் சோறு துன்னுட்டுப் பிடிச்சீங்க." நோட்டை விரித்துக் காட்டினாள். "மீதி ஆறும் நோம்பு தொறந்த வாய் சொன்னது. அந்த நேரத்துல ஒங்களுக்கு நான் வைக்கிற உப்பில்லாத கஞ்சியே சொர்க்கம். பசி ருசி அறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நல்லா துன்ன வயித்தோட பரவால்லன்னு நீங்க சொன்னது இது ஒண்ணுதான்."

வெளி ஆளுக்கு முன்னால் என் மனைவி என்னை இப்படிப் பிரித்துப் போட்டதில்லை. கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அதைக் கலந்த அன்றைக்கே காய்ச்சல் தொடங்கிவிட்டது, எழுந்து நிற்க முடியாமல் பாதி மடல் பூதான் நறுக்கிப் போட்டேன். அதனால்தான் வேஸ்ட் என்று ஒதுக்கினேன்.

"சார்" என்றேன், "நான் பசி வாயால ருசி பாத்துட்டேன். தப்பு என்னுது. இத ஒரு தடவ பாத்துடுங்க."

ஆல்வின் சார் சாவியைக் கீழே வைத்தார். வேறு பைப்பை எடுத்தார். மறுபடி அதே மோந்து பார்த்தல், நசுக்கல், நிரப்பல். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. தண்ணீர் பாட்டில் மூடி திறக்கிற சத்தத்துக்காக மட்டும் காது காத்திருந்தது. அது திறக்கவே இல்லை.

பைப்பைத் தட்டினார். அடியில் வெள்ளைச் சாம்பல், ஈரம் இல்லை, கடைசி வரை சீராக எரிந்திருந்தது. பிறகு யாரையும் கேட்காமல் பாட்டிலுக்குள் விரலை விட்டு இரண்டாவது தடவை நிரப்பினார்.

"இலை முதல்ல வருது, பூ பின்னால வருது. அப்படித்தான் இருக்கணும்" என்றார். "பெருநாளுக்கு முன்னாடி நாலு கிலோ முடியுமா? எங்க குழுவுல எல்லாருக்கும் நூறு நூறு கிராம் குடுத்துப் பார்க்கிறேன்."

முடியும் என்று ஷரீபுன்னிசாதான் சொன்னாள்.

அன்றே குப்பத்துக்குப் போனேன். சிங்காரம் வலை பிரித்துக்கொண்டிருந்தான். மீன் காசைக் கொடுத்துவிட்டு, "ஒன் நாக்குதான்டா நாக்கு. பெருநாள் வரைக்கும் பகல்ல நீதான் ருசி பாக்கணும்" என்றேன்.

"பீடி குடிச்ச வாய் பாய் இது" என்றான். ஆனாலும் கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

பெருநாள் அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட மச்சான் வந்தார். ஆர்டர் விஷயம் அவருக்குத் தெரியும், நாற்காலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில் நானே, "அதுல நீங்க ஒக்காருங்க மச்சான், இடுப்பு வலிக்கு நல்லது" என்றேன். சிரித்துவிட்டார்.

அவர் போனதும் வயிறு முட்டிய நிலையில் நாலாம் எண்ணைப் பைப்பில் நிரப்பினேன். மெதுவாக, கடைசி வரை பிடித்தேன். ஷரீபுன்னிசா நோட்டோடு வந்து நின்றாள்.

"இன்னா எழுதட்டும்?"

"பரவால்லன்னு எழுது" என்றேன்.