கம்பியில் ஒரு பச்சை மஃப்ளர்

வியன்னாவில் கச்சேரியை நின்று கேட்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே நுழைந்ததும் முன்னால் இருக்கும் கம்பியில் மஃப்ளரைக் கட்டிவிட வேண்டும். கட்டியாயிற்றென்றால் அந்த இடம் மஃப்ளருக்குச் சொந்தக்காரருடையது. அவர் காபி குடிக்கப் போகலாம், ஊர்வம்பு பேசப் போகலாம். அவர் வந்துதான் அவிழ்க்க வேண்டும், அடுத்தவர் கை படக் கூடாது.

நானும் என் சிநேகிதி டிரவுட்லும் கல்யாணமாகாத குமரிகளாக இருந்த காலத்திலிருந்தே அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள். எனக்கு பிராம்ஸின் இசை என்றால் உயிர். அவளுக்கு ப்ருக்னர். அந்த மனிதர் தன் ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியை முடிக்காமலே செத்துப்போனார். கச்சேரிகளில் பெரும்பாலும் முதல் மூன்று பகுதியோடு நிறுத்திவிடுவார்கள். அதை நினைத்து அவள் ஆயுசு முழுக்கப் புலம்பினாள், நான் ஆயுசு முழுக்கக் கிண்டல் செய்தேன்.

“உன் ஆளுக்கு எதையும் சட்டுனு முடிக்கவே தெரியாதுடி, சவ்வா இழுப்பாரு,” என்பேன்.

“மேல போய் முடிச்சிருப்பாரு. நான் முதல்ல போனா, கேட்டுட்டு வந்து உன் காதுல பாடுறேன். அப்ப வாயடைச்சு நிப்ப பாரு.”

அவள்தான் முதலில் போனாள். பிப்ரவரி மாதம், ஊரே உறைந்து கிடந்தது. சவப்பெட்டியை மூடும் முன் பார்த்தேன், கழுத்து வெறுமையாக இருந்தது. மனசு கேட்கவில்லை. என் பச்சை மஃப்ளரைக் கழற்றி அவளுக்குச் சுற்றிவிட்டேன். அவளுடைய சாம்பல் நிற மஃப்ளர் என்னிடம் தங்கிவிட்டது.

வசந்தத்தில் அந்த ஒன்பதாவதை வாசித்தார்கள். அவள் இடத்தில் எவனோ நெட்டைச் சுற்றுலாக்காரன் வந்து நிற்பதை என்னால் தாங்க முடியாது. என் இடத்தில் புதிதாக வாங்கிய நீல மஃப்ளரைக் கட்டினேன். பக்கத்தில் அவளுடைய சாம்பல் நிற மஃப்ளரையும் கட்டினேன். வருகிறவருக்காகத்தான் கட்டுவார்கள் என்பது இந்த மடச்சிக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் பகுதி அடங்கியது. கைதட்டலுக்கு முன் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அப்போது பைன் மிட்டாய் வாசனை வந்தது. டிரவுட்ல் இருமலுக்குச் சப்புவது. சாம்பல் மஃப்ளர், யாரோ அதன்மேல் சாய்ந்த மாதிரி, விறைத்தது. இடது காதில் ஒரு முனகல் கேட்டது. நான் எங்கேயும் கேட்டிராத மெட்டு. வழக்கம்போல் சுருதி இறங்கித்தான் பாடினாள். ஆனாலும் அது பிராம்ஸையே மறக்கடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கைதட்டல் எழுந்ததும் மெட்டு பாதியில் நின்றுவிட்டது.

சாம்பல் மஃப்ளரை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு அசையவில்லை. பயந்துபோய் என் நீல மஃப்ளரை மட்டும் உருவிக்கொண்டு, அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. எனக்கு மீதி வேண்டும். சோறு தண்ணி இறங்கவில்லை. அந்தப் பாதி மெட்டு உள்ளுக்குள் சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் அறுந்தது.

அடுத்த கச்சேரிக்குப் போனபோது வாசலில் டிக்கெட் பார்க்கும் ஹவ்லிச்செக் சிரித்தார்.

“மெதுவா வாங்கம்மா, எடத்துக்கு அடிச்சுக்க வேணாம். உங்க சிநேகிதி வந்து கட்டி வச்சிட்டாங்க.”

“எந்தச் சிநேகிதி?”

“அதான், எப்பவும் உங்களோட மல்லுக்கு நிப்பாங்களே, அவங்கதான். ரொம்ப எளச்சிட்டாங்க, பாவம். கையெல்லாம் ஒரே மண்ணு.”

கம்பியில் சாம்பல் மஃப்ளர் அப்படியே இருந்தது. பக்கத்தில், என் இடத்தில், அவளோடு புதைத்த பச்சை. தொட்டுப் பார்த்தேன், ஈரம். டிரவுட்ல் போடும் இரட்டை முடிச்சு.

அது என் மஃப்ளர். அவிழ்க்கும் உரிமை எனக்கு உண்டு. அவிழ்த்தால் வீட்டுக்குப் போய்ச் சூடாக சூப் குடிக்கலாம், மீதி மெட்டு என்றைக்கும் கிடைக்காது. நின்றால் கிடைக்கும், ஆனால் வீடு திரும்ப மாட்டேன். முடிச்சில் விரலை வைத்தேன்.

“வந்து நில்லுடி. விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்,” என்றது இடது பக்கத்துக் குரல்.

விரலை எடுத்துவிட்டேன்.

இப்போது அந்த இரண்டு மஃப்ளரும் கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று நெட்டைச் சுற்றுலாக்காரர்கள் ஹவ்லிச்செக்கிடம் சண்டைக்குப் போகிறார்கள். அவர் அவிழ்க்க விடுவதில்லை. கடைசிப் பகுதியை நான் முழுக்கக் கேட்டுவிட்டேன். டிரவுட்ல் சொன்ன மாதிரியே, வாயடைத்துத்தான் நிற்கிறேன்.