ஏசிக்குக் கட்டிய படங்கு

அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஏசி இருந்த லயம் அது ஒன்றுதான். உறைபனி விழுகிற பொகவந்தலாவையில் ஏசி எதற்கு என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அதன் கீழே போய் நின்று கையைச் சூடாக்கிக்கொண்டார்கள்.

அது சூடும் தருகிற ஏசி. நிரஞ்சன் கொழும்பில் கடலோரமாக ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தான். அந்த வீட்டுக்காரர்கள் புதியது மாட்டியபோது பழையதைக் கேட்டு வாங்கி லொறியில் ஏற்றி அனுப்பினான். அப்பா பழனியாண்டிக்கு நெஞ்சில் இளைப்பு. குளிரும் ஆகாது, அடுப்புப் புகையும் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். லயத்து வீட்டில் இரண்டில் ஒன்றைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் ஏசி. மாட்ட வந்தவன் டீவிக்குப் போகிற வயரிலேயே அதையும் இணைத்துவிட்டுப் போனான்.

நிரஞ்சனின் மனைவி ஜீவராணிக்கு ஆரம்பத்தில் அது பிடித்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிய மாமனார் இப்போது படுத்துத் தூங்கினார். பகலில் பேச்சும் கூடியது, வருகிறவர்களிடம் பெருமையடித்தார்.

"தொர பங்களாவுலயே வெறகுதான் எரிக்கிறாங்க. பழனியாண்டிக்குப் பாரு, ரிமோட்டு."

ஜனவரியில் சத்தம் மாறியது. முன்பு ஒரே சீராக ஓடியது இப்போது முனகிக்கொண்டு ஓடியது. இடையிடையே நின்று, ஒரு அடி அடித்து, மறுபடி முனகியது. ஒருநாள் காலையில் ஜீவராணி வீட்டின் பின்னால் போனாள். வெளியே வைத்திருந்த பெட்டியின் முதுகெல்லாம் வெள்ளையாகப் பனிக்கட்டி.

மாமனாரிடம் சொன்னாள். அவர் தோட்டத்து நாற்று மேடையில் காலமெல்லாம் வேலை செய்தவர். பனிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

"நாத்துக்கு மூடுவோம்ல, அந்த மாதிரி மூடிவிடும்மா. பாவம், அதுவும் வெளிய கெடந்து வெறைக்குது."

ஜீவராணி கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற தார்ப்பாய்ப் படங்கை எடுத்து அந்தப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அதற்கு மேல் ஒரு உரச் சாக்கு. கயிறு போட்டு முடிந்தாள். நாற்று பிழைக்கிற மாதிரி இதுவும் பிழைக்கும் என்று இருவரும் நம்பினார்கள். லயத்தில் யாரும் அது தப்பு என்று சொல்லவில்லை. அவர்களும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

ஒரு வாரத்தில் சுவரிலிருந்த சுவிட்சின் ஓரம் தேயிலைச் சாயம் போலப் பழுப்பானது. தொட்டால் சுட்டது. கருகல் வாடை வந்ததா என்று ஜீவராணியால் சொல்ல முடியவில்லை. லயத்தில் எந்நேரமும் ஏதாவது ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்த வாடையில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு வேறு கருகல் தெரியாது. அவளுக்கு முதலில் பயம் வந்தது அதை நினைத்துத்தான்.

நிரஞ்சனுக்குப் போன் போட்டாள்.

"நல்ல கம்பெனி சாமான் அது. நீ சும்மா எதையாவது நெனச்சிக்கிட்டு..."

"சுவிட்சு கொதிக்குதுங்க."

"சூடு குடுக்குற மிசின்னா சூடாத்தான் இருக்கும்."

அவள் ஹட்டனிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். யோகேஸ்வரன் என்று பெயர். வந்தவன் பின்பக்கம் போனான். கட்டியிருந்ததைச் சுற்றிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"யாருக்கா இதுக்குச் சீல கட்டிவிட்டது?"

"பனிக்கு..."

"அக்கா, இது வெளிக்காத்த இழுத்துத்தான் உள்ள சூடு தருது. நீங்க மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடுன்னா எங்க ஓடும்?"

ஜீவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கயிற்றை அறுத்துப் படங்கை உருவினான். உள்ளே இருந்த தகடுகளை விரலால் தடவினான். துருப்பிடித்து உதிர்ந்தது.

"எவ்வளவு காலம் ஓடினது இது?"

"மாமா, உங்க மகன் என்ன சொன்னாரு?"

"அந்த வீட்டுப் புள்ள நடக்கப் பழகினப்ப மாட்டினதாம்" என்றார் பழனியாண்டி உள்ளேயிருந்து. "அது இப்ப கெம்பஸ்ல படிக்குது."

யோகேஸ்வரன் சிரிப்பதை நிறுத்தினான். "நல்லாப் பாத்துக்கிட்டா பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் ஓடும். கடல் பக்கம் உப்புக்காத்துல அந்த ஆயுசும் கிடையாது. இது எப்பவோ முடிஞ்ச சாமான். இப்ப இழுக்க முடியாம கூடுதலா கரண்ட் குடிக்குது. உங்க வயரு நூல் மாதிரி இருக்கு. திருத்தச் சொல்லாதீங்க, நான் திருத்த மாட்டேன். புதுசு போடுங்க, வயரும் தனியா இழுங்க. அதுவரைக்கும் கை வைக்காதீங்க."

"கை வச்சா?"

அவன் மேலே பார்த்தான். ஜீவராணியும் பார்த்தாள். லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் சுவர் கூரை வரை போவதில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே பழைய மரம். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் கடைசித் தொங்கல் வீடு வரை அது நிற்காது.

ஏசியை நிறுத்தினார்கள். அன்று இரவே பழனியாண்டி மறுபடி உட்கார்ந்து தூங்கினார். தூங்கினார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மூச்சும் ஓட்டை விழுந்த பையிலிருந்து வருவது போல வந்தது. ஜீவராணி இரண்டு கம்பளி போர்த்தினாள். சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்தாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்து அந்த மூச்சை எண்ணாமல் எண்ணினாள். அடுத்தது வருமா என்ற பயம். வந்தால், இப்படியே விடியும் வரை கேட்க வேண்டுமே என்ற பயம்.

மூன்றாம் நாள் விடியும்போது தேயிலை மேலெல்லாம் வெள்ளை. மாமனாரின் உதடு நீலமாக இருந்தது.

"கொஞ்ச நேரம் போடும்மா" என்றார்.

"மெக்கானிக் சொன்னாருல்ல மாமா."

"அவன் புதுசு விக்கிறவன், அப்படித்தான் சொல்வான். வெயில் ஏறுற வரைக்கும். கையெடுத்துக் கும்பிடுறேன்."

நிஜமாகவே கையைத் தூக்கினார். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. சுவிட்சைப் போட்டாள். முனகிக்கொண்டு சூடு வந்தது. ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, "வெயில் வந்ததும் நிப்பாட்டிடணும். மறந்துறக் கூடாது" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாள்.

மேல்மலையில் கொழுந்து. அங்கிருந்து பார்த்தால் லயத்துக் கூரை தெரியும். வெயில் ஏறியது. ஜீவராணியின் கை கொழுந்தில் இருந்தது, கண் கீழே இருந்தது.

பக்கத்து நிரையில் பவுலின். அவளும் அதே லயம், இரண்டு வீடு தள்ளி. "என்னடி, முத்தல் எலையெல்லாம் சேத்துப் பறிக்கிற? மேப்பார்வைக்கு வர்ற கண்டாக்கு கண்ணுல பட்டா கூடையக் கவுத்துருவாரு."

"பவுலினக்கா, உங்க வீட்டுல இப்ப யாரு?"

"மருமக இருக்கா. புள்ளையத் தூங்கப் போட்டிருப்பா. ஏன்?"

ஜீவராணி சொல்லவில்லை. சொன்னால், தான் செய்தது வெளியே வந்துவிடும். அந்த வீட்டில் குழந்தை தூங்குகிறது, நான் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கூரையிலிருந்து புகை எழுந்தது. பிறகு இன்னொரு இடத்தில். சோறாக்குகிற நேரம், எல்லாக் கூரையிலும் எழும். எது அடுப்பு, எது இல்லை? நடுவில் ஒரு புகை மட்டும் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. கறுப்பா? ஈர விறகாக இருக்கலாம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நடு வீடு அவளுடையது.

கூடையை நெற்றியிலிருந்து கழற்றிப் போட்டாள்.

"அடியே, எங்கடி போற?"

படியில் இறங்கவில்லை, செடிக்கு நடுவே விழுந்து எழுந்து இறங்கினாள். கவ்வாத்து வெட்டிய குச்சி காலைக் கிழித்தது. லயம் கண்ணில் படாத அந்த வளைவில் அவளுக்கு ஒன்று தோன்றியது. போய்ச் சேரும்போது எரிந்திருந்தால், கிழவர் மட்டும் போயிருந்தால் போதும். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் வேகமாக ஓடினாள்.

கதவைத் தள்ளினாள். நெருப்பு இல்லை. சுவிட்ச் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் உருகிச் சுவரில் வழிந்திருந்தது. அதற்கு மேலே, கூரைமரம் வரை, கறுப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. மரத்தின் அடியில் வயர் ஓடிய இடம் சிவந்து, அணைந்து, சிவந்தது. ஏசி இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

மெயின் சுவிட்சை இழுத்தாள். குடத்துத் தண்ணீரைத் தூக்கி மரத்தில் வீசினாள். இன்னொரு குடம். சிவப்பு போனது. முனகல் அப்புறமும் காதில் கேட்டது.

பழனியாண்டி மூலையில், கட்டிலில் இருந்து விழுந்த மாதிரியே கிடந்தார். ரிமோட் கையில். கட்டைவிரல் இன்னும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டினேம்மா. நிக்கல. அமுக்கி அமுக்கிப் பாத்தேன், நிக்கல. கத்தலாம்னு பாத்தா மூச்சு வரல."

அவள் விரலைப் பிரித்து ரிமோட்டை வாங்கினாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். பவுலினின் மருமகள் இடுப்பில் குழந்தையோடு கூரைமரத்தையே பார்த்தாள். ஜீவராணி காலிக் குடத்தை எடுத்து மூலையில் வைத்தாள்.

நிரஞ்சனைக் கூப்பிட்டாள். "புதுசு வாங்கிட்டு வாங்க. வயரிழுக்க ஆளையும் கூட்டிட்டு வாங்க."

"ஞாயித்துக்கிழம வரேன். அதுவரைக்கும் எப்படியாவது..."

"எப்படி?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. வெளியே செடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஜீவராணி கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாத" என்றார் பழனியாண்டி.

"குளிர் வரும் மாமா."

"வரட்டும். இதுக்குள்ள என்னைய வச்சுச் சாத்தாத."

அவள் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். பனி வாசலைத் தாண்டி உள்ளே வந்து தரையோடு நகர்ந்தது. கிழவரின் மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. மேலே ஈர மரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, சாத்துவதா வேண்டாமா என்று தெரியாமல், அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.