சீல் ஒட்டிய மெஷின்

தையல் ஊசியின் முனையால் ஷெனாலி ஒவ்வொரு பின்னாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் சதுரத்துக்குள் தலைமயிரைவிட மெல்லிய பின்கள் வரிசை கட்டி நின்றன. அவற்றில் ஓரத்து வரிசை மட்டும் மாடு மிதித்த நாற்று மாதிரி சாய்ந்து கிடந்தது. கீழே திருகோணமலை வீதியில் பஸ் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம் கையை எடுத்தாள். பஸ் கடந்ததும் மறுபடி குனிந்தாள்.

"அது சரிவராது புள்ள. வீசிட்டு வேலையப் பாரு," என்றான் றிஸ்கான். அந்தக் கம்பியூட்டர் கடையில் அவளுக்கு முன்பிருந்தே பாகங்களைச் சேர்த்து மெஷின் பூட்டுகிறவன். பக்கத்து மேசையில் ஒரு ப்ரின்டரின் வயிற்றைக் கிழித்து வைத்திருந்தான்.

"நேத்து இதுக்குக் காசு வெட்டியாச்சி நானா. இப்ப இது என்னோடது. வீசுறதா வச்சுக்கிறதான்னு நான்தான் பாக்கணும்."

"வச்சிக்கிட்டு? கழுத்துல தொங்கப் போடப் போறியா?"

"மெஷின் பூட்டப் போறேன். கேமிங் மெஷின்."

றிஸ்கான் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

கடையில் அதற்கு 'டெமேஜ்' என்று பெயர். பூட்டும்போது எந்தச் சாமான் கெட்டாலும் அதன் விலை சம்பளத்தில் வெட்டப்படும். யாரால் கெட்டது என்று யாரும் கேட்பதில்லை. கடைசியாக யார் கையில் இருந்தது என்றுதான் கேட்பார்கள். இந்த போர்டை வளைத்தது ஒரு கஸ்டமர். ப்ராசஸரைத் தானே போடுகிறேன் என்று வீட்டில் அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி திருப்பிக் கொண்டுவந்தான். வாங்கி மேசையில் வைத்தவள் ஷெனாலி. அவ்வளவுதான்.

ஆனால் முதலாளி பெனடிக்ட் நியாயஸ்தர். காசை வெட்டினால் கெட்ட சாமானை வெட்டுப்பட்டவரிடமே கொடுத்துவிடுவார். "வேற கடையில காசும் போகும், சாமானும் போகும். நான் அப்பிடியில்ல," என்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் நிற்கிறவர். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்து பின்வரிசையில் நிற்கும் லோரன்ஸிடம், "ஒங்க மகள் டெக்னிக்கல் கொலேஜ் முடிச்சிருக்கே, நம்ம கடைக்கு அனுப்புங்க," என்று அவரேதான் கேட்டார். அதனால் சம்பளத்தைப் பற்றி லோரன்ஸ் வாய் திறக்கவில்லை.

போர்டு உயிர்பெற்றது. ஷெனாலிக்கே அதை நம்ப முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் டெமேஜைப் பார்த்த விதம் மாறிவிட்டது. மின்னல் அடித்துப் போன பவர் சப்ளைக்குக் காசு வெட்டினார்கள். பியூஸையும் கருகிய ஒரு பாகத்தையும் மாற்றி அதை எழுப்பினாள். றிஸ்கான் ஒரு கேஸிங்கை டைல் தரையில் வைத்தபோது பக்கக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. அவளும் ஒரு பக்கம் பிடித்திருந்ததால் அந்த விலை இருவருக்கும் பாதி பாதியாக வெட்டப்பட்டது. இரும்புக் கூட்டை அவள் எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பதில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் கிடந்த பிளாஸ்டிக் தகட்டை வெட்டி மாட்டினாள். ஒரு மூலை கோணலாகிவிட்டது. ரேமும் ப்ராசஸரும் செகண்ட் ஹேண்ட். பகல் சாப்பாட்டுக்கு இறங்காமல் மிச்சம் பிடித்த காசு அதில் இருந்தது.

பெட்டியைக் கடையின் மூலையிலேயே வைத்திருந்தாள். லயத்து வீட்டில் அதற்கு இடமும் இல்லை, கரண்டும் போதாது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தால் மின்விசிறியே தூங்கி வழியும்.

"படிக்கவா மகள்?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார்.

"இல்ல சேர். விளையாட."

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்க நம்பல."

சூசையம்மா நம்பவில்லைதான். இவ்வளவு பாடுபட்டு ஒரு பொம்பளப் புள்ள விளையாடவா மெஷின் வாங்கும்? ஏதோ மேல்படிப்பு, சொன்னால் கண் பட்டுவிடும் என்று மறைக்கிறாள் என்று முடிவுகட்டினாள். மாதா சொரூபத்தை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு மேசையைத் துடைத்து ஒதுக்கினாள். லோரன்ஸ் டவுனில் தடித்த வயர் வாங்கி, மீட்டர் பெட்டியிலிருந்து சுவரோரமாக இழுத்து, அந்த மேசைக்கு நேரே ஒரு புது ப்ளக் பொயின்ட் அடித்தார். அதில் சின்னச் சிவப்பு விளக்கு இருந்தது. போடவும் அணைக்கவுமாக அன்று முழுக்க அவர் அதை விடவில்லை.

ஷெனாலிக்கோ உண்மையிலேயே விளையாடத்தான் வேண்டும். போனின் உடைந்த திரையில் இரண்டு வருடமாக விளையாடுகிறாள். கூட விளையாடுகிறவர்கள் யாருக்கும் அவள் லயத்துக்காரி என்று தெரியாது. எதிரி எங்கிருந்து வருவான் என்பதை முதலில் சொல்கிறவள் அவள்தான். போன் சூடேறி ஆட்டம் உறைந்துபோகிற அந்த ஒரு நொடியில் மட்டும்தான் தோற்பாள். அந்த நொடிதான் அவளுக்கு வேண்டாம்.

சிக்கல் றிஸ்கானால் வந்தது. கடையில் ஒரு வழக்கம்: மேசையில் சீல் ஒட்டாமல் கிடக்கும் எந்த மெஷினிலிருந்தும் யாரும் ரேமையோ வயரையோ கழற்றிச் சோதித்துப் பார்க்கலாம். ஒருநாள் அவள் வந்து பார்த்தபோது அவளுடைய ரேமைக் காணவில்லை. கஸ்டமர் மெஷினில் போட்டுப் பார்த்தவன் அப்படியே அதோடு அனுப்பிவிட்டிருந்தான்.

"மறந்துட்டேன் புள்ள, வல்லாஹி. சீல் இருந்திருந்தா நான் கையே வைக்க மாட்டேனே."

ரேமைத் திரும்ப எடுக்க அவள் அலுவிகாரை வரை போய், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

கீழே தையல் கடைப் பெண்களோடு போட்டிருந்த சீட்டு அந்த மாதம் அவளுக்கு விழுந்தது. அதை அப்படியே கொடுத்து, கொழும்பிலிருந்து பழைய வீஜீஏ கார்ட் ஒன்றை எடுப்பித்தாள். படத்தை ஓட்டுகிற சாமான் அது. அது இல்லாமல் கேமிங் மெஷின் இல்லை. உள்ளே யாருடைய சிகரெட் நாற்றமோ அடித்தது. முழுக்கக் கழற்றிப் பிரஷ்ஷால் தூசி தட்டி, புதுப் பசை பூசி மாட்டினாள். அன்றைக்கு ஸ்க்ரீனில் மழை பெய்யும் ஒரு தெரு ஓடியது. துளி துளியாக, தடங்கலில்லாமல் ஓடியது. றிஸ்கான்கூட ப்ரின்டரை விட்டுவிட்டு வந்து நின்றான்.

"போயா லீவு அன்னைக்கி தம்பிட திறீவீல் ஆட்டோல ஏத்திக் கொண்டுவந்து ஒங்க வீட்டுல எறக்குறேன்," என்றான். ரேமுக்குப் பரிகாரம் அது.

பௌர்ணமிப் போயாவுக்கு இன்னும் சில நாள் இருந்தது. அதுவரை யாரும் எதையும் கழற்றிவிடக் கூடாது. ஷெனாலி மேசை லாச்சியைத் திறந்து, விற்கத் தயாரான மெஷினில் ஒட்டுகிற, கடைப் பெயர் அச்சடித்த வாரண்டி சீல் ஒன்றை உரித்து, மேல் மூடியின் திருகாணிக்கு மேல் அழுத்தி ஒட்டினாள்.

போயாவுக்கு முதல் நாள் முதலாளி அவளை நாவுலைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் ஓடவில்லை என்று போன் வந்திருந்தது. போக ஒரு பஸ், வர ஒரு பஸ், இரண்டிலும் நின்றபடியே. திரும்பி மாடிப்படி ஏறியபோது மூலை காலியாக இருந்தது. அவள் வெட்டிய பிளாஸ்டிக் தகடு மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது.

றிஸ்கான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூக்களைப் பொறுக்கினான்.

"என்னோட மெஷின் எங்க?"

"ஹார்ட்வெயார் கடைக்காரரு ஒருத்தர் மகனோட வந்தாரு. பரீட்சை பாஸ் பண்ணினதுக்கு இன்னைக்கே வேணும்னு. நல்ல கண்ணாடி போட்டு..."

"நீங்க சொல்லலியா?"

"சொன்னேன் புள்ள. சீல் இருக்கேன்னாரு முதலாளி."

முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அது என்னோட மெஷின் சேர்."

"இரு மகள், இரு. சீல் ஒட்டினா அது கடை மெஷின். நான் ஒட்டச் சொன்னேனா? நீயே ஒட்டியிருக்க."

"கழட்டிருவாங்கன்னுதான் ஒட்டினேன். ஒங்களுக்கும் தெரியும் சேர், நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"அவசரத்துக்கு வித்துட்டேன். ஒன்னோட சாமானுக்கு சாமான் தாரேன். டொலர் கொஞ்சம் எறங்கட்டும், கண்டெய்னர் வரட்டும். பழசுக்குப் புதுசு. லாபம்தானே ஒனக்கு?" சிரித்தார். "எங்க ஓடிறப் போறேன்? ஞாயித்துக்கெழம ஒங்கப்பா மொகத்துல நான் முழிக்க வேணாமா?"

ஷெனாலி வீட்டில் எதையும் சொல்லியிருக்கவில்லை; போயா அன்று லோரன்ஸ் தோட்டத்து றோட்டு முனையில் நின்று றிஸ்கானுடைய தம்பியின் திறீவீலுக்குக் காத்திருந்தார். மழை வந்த பிறகுதான் வீட்டுக்குள் வந்தார்.

"புது சாமான் வருதாம்," என்றாள் ஷெனாலி.

"நல்லதுதானே," என்றார் அவர், துண்டால் தலையைத் துடைத்தபடி. "பெனடிக்ட் ஐயா சொன்னா செய்வாரு."

சாமான் வந்தது. கண்டெய்னரே வந்தது. பெட்டிகளைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றியதும் அவள்தான். கேட்டபோதெல்லாம் "இது கஸ்டமர் ஓடர் சாமான் மகள், அடுத்ததுல பாப்போம்," என்றார். வேறு கடை பார்க்கிறேன் என்று றிஸ்கானிடம் சொன்னாள். "அங்க போனா கெட்ட சாமானும் தரமாட்டாங்க, டெமேஜ மட்டும் வெட்டுவாங்க," என்றான் அவன். அவள் தேடிப் போன இரண்டு கடைகளிலும், பெனடிக்டிடமிருந்து கடிதம் கொண்டு வா என்றார்கள்.

அவளுக்குச் சேர வேண்டிய சாமானுக்கு முன்னால், விற்றுப்போன அந்த மெஷின்தான் திரும்பி வந்தது. டபிள்கெப் வண்டியிலிருந்து அதைத் தூக்கி வந்து மேசையில் வைத்தபோது அவள் கை தானாகவே அடிப்பக்கத்தின் வளைந்த விளிம்பைத் தடவி இடம் கண்டது. ஹார்ட்வெயார் கடைக்காரரின் மகன் பின்னாலேயே வந்து நின்றான். பொல்லாத பையன் இல்லை.

"ஸ்க்ரீன் வரல அக்கா. லீவு முழுக்க நல்லாத்தான் ஓடிச்சி."

"எங்க வச்சிருந்த?"

"அலுமாரிக்குள்ள. தூசி படும்னு அம்மா சொன்னாங்க."

அவள் தானே ஒட்டிய சீலை நகத்தால் கீறினாள். உள்ளே இருந்து சூடான தூசியும் எரிந்த வாடையும் வந்தன. வீஜீஏ கார்டின் விசிறி விரலால் தள்ளினாலும் சுற்றவில்லை. கார்டின் பின்பக்கம் ஓரிடத்தில் பழுப்பாகக் கருகியிருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். வாரண்டி இருக்கிறது, புதுக் கார்ட் போட்டுக் கொடுத்தாக வேண்டும். அலுமாரியைத் திறந்து, கண்டெய்னரில் வந்த கார்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பையனைக் கீழே அனுப்பிவிட்டுச் சொன்னார்:

"இது டெமேஜ்ல போகும் மகள்."

"யாருக்கு?"

"பூட்டினது நீதானே. கடை மெஷின்ல பழைய கார்ட போட்டா எப்பிடி?"

"நான் எனக்குப் போட்டேன் சேர். அந்தக் கார்டு என்னோட சீட்டுக் காசு. ஒரே கார்டுக்கு நான் ரெண்டு தடவ காசு குடுக்கிறதா?"

"மொதல் தடவ நீ என்கிட்டயா வாங்கின?" பெனடிக்டின் குரல் உயரவேயில்லை. "ஒரேயடியா வெட்டல. மாசாமாசம் கொஞ்சம். பேசிக்கிட்டு நிக்காத, அந்தாளு வாகனத்த நோ பார்க்கிங்ல போட்டிருக்காரு."

றிஸ்கான் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தான். "குடு, நான் பூட்டுறேன்."

"வேணாம். ஒங்க கையால கெட்டா அது ஒங்களுக்கு டெமேஜ்."

அவளே பூட்டினாள். ஸ்க்ரீனில் மழைத் தெரு ஓடியது, முன்பைவிட வேகமாக. அவள் அதைப் பார்க்காமல் மூடியைத் திருகி, லாச்சியிலிருந்து இன்னொரு சீலை உரித்து ஒட்டி, மெஷினை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் படியிறங்கி டபிள்கெப்பின் பின் இருக்கையில் வைத்தாள். பையன் அதற்கு சீட் பெல்ட் போட்டான்.

மேலே வந்தபோது செத்த கார்டை ஒரு காகிதப் பைக்குள் போட்டு முதலாளி அவள் மேசையில் வைத்திருந்தார். "சாமான் ஒன்னோடது. மறக்காம எடுத்துக்கிட்டுப் போ."

வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கும் நேரம். புது ப்ளக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒதுக்கி வைத்த மேசையில் போர்வையை நாலாக மடித்து விரித்து, சூசையம்மா ஷெனாலியின் கடைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"இந்த ப்ளக்குல போட்டா சட்டுன்னு சூடாகுது," என்றாள். "பைய அங்கிட்டு வையி, மேசைல எடமில்ல."

முதுகில் அச்சடித்திருந்த கடைப் பெயர் உருகி ஒட்டிவிடாமல் இருக்க, அதற்கு மேல் ஒரு பழைய துணியைப் போட்டு, எழுத்து எழுத்தாக மெதுவாக அழுத்தினாள்.