விருட்சிக்கு முடிவெட்டு

மனைவி இறந்துபோன மறு மாதமே சலூன்காரர் கடையை மூடிவிட்டார். கை மட்டும் மூட மறுத்தது. ஞாயிறு தவறாமல் வாசல் விருட்சிச் செடிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, காதோரம் ஒதுக்கி, பிடரியை ஏற்றி, உச்சியைச் சமமாக்கி விடுவார்.

வெட்டும்போது பேசுவார். நாற்பது வருடம் தலைகளோடு பேசிய வாய். வீட்டிலோ அவர் ஒருத்தர்தான்.

"என்ன, இந்த வாரம் வெயில் ஜாஸ்தியோ?"

செடி எதிர்த்துப் பேசாது. அப்படி ஒரு வாடிக்கையாளர் கடையில் அவருக்கு வாய்த்ததே இல்லை.

குறை ஒன்றுதான். இரண்டு வருடமாக ஒரு மொட்டுகூட இல்லை. மனைவி இருந்தபோது சிவப்புக் கொத்தாகக் குலுங்கிய செடி. தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தார். அவளும் கோபம் வந்தால் வாரக்கணக்கில் முகம் கொடுக்க மாட்டாள். உரம் வைத்துக் கெஞ்சிப் பார்த்தார். மசியவில்லை. கடைசியில் ஒரு கிளையோடு நர்சரிக்காரம்மாவிடம் போனார்.

"யாருண்ணே இவ்வளவு அழகா வெட்டுனது?"

"நாந்தாம்மா, ஞாயிறு தவறாம." பெருமை தாங்கவில்லை.

"நுனியிலதாண்ணே மொட்டே வரும். வாராவாரம் அதை வெட்டிட்டு, பூக்கலைன்னு அதுமேல பழி போடறீங்களா? மூணு மாசம் கத்திரியத் தொடாதீங்க."

'கடையில வெட்டுனது போதும், செடிகிட்ட வராதீங்க' என்று மனைவி விரட்டியது அப்போதுதான் விளங்கிற்று.

மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கத்திரி இல்லாமல் பேச்சு வரவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் இரண்டு அந்நியர்கள் மாதிரி அவரும் செடியும்.

ஒரு ஞாயிறு, நான்கு கொத்து விரிந்திருந்தது. "பாத்தியா!" என்று திரும்பினார். பக்கத்தில் சுவர்தான் இருந்தது. மகளுக்கு போன் போட்டார். "சூப்பர்ப்பா, அப்புறம் பேசறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு நர்சரிக்கு நடந்தார்.

"பூத்துடுச்சும்மா!"

பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எதுண்ணே?"

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. தினம் எத்தனை பேர் கிளையோடு வருவார்களோ! "ஒண்ணுமில்லம்மா. விருட்சி. வரேன்."

அந்த முகத்தை அவள் பார்த்துவிட்டாள். காலித் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள்.

"உக்காருங்க. ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க."

மனைவி அந்தச் செடிக்குக் குழி தோண்டிய நாளிலிருந்து ஆரம்பித்தார். கதை முதல் மொட்டுக்கு வருவதற்குள் அவள் பதினோரு பைகள் நிரப்பியிருந்தாள். பேச்சு வாக்கில் அவரும் நான்கு.