கேட்க ஆளில்லாத பெட்டை

"எனக்குத் தேத்தண்ணி ஒண்டும் வேண்டாம்," என்றாள் அன்னப்பிள்ளை, வாசலுக்கு வெளியே நின்றபடியே.

ராசமலர் அப்படி ஒன்றும் கேட்டிருக்கவில்லை. கணவன் யோகலிங்கம் செத்து முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியுமுன்னரே தன்னை வீட்டைவிட்டுத் துரத்திய மாமியார், இத்தனை வருடத்துக்குப் பிறகு தன் வாடகை அறையைத் தேடி வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பலகாமத்துச் சம்பந்தம் குழம்பப் போகுது. என்ர இளையவன் தவராசாவும் அந்தப் பூரணியும் ஒண்டாப் போய் ஆசுப்பத்திரியில இரத்தம் பார்த்தாத்தானாம் கலியாண எழுத்து. நீதானே அந்தப் பெட்டைக்கு ஓதினனி?"

"எல்லாப் பெட்டையளுக்கும் சொன்னனான், பெடியளுக்கும் சொன்னனான். உங்கட வீட்டு ஆற்ற பேரும் என்ர வாயில வரேல்லை."

அது உண்மைதான். ஆனால் துறைமுகத்தில் வேலை செய்யும் பாலையூற்றுப் பெடியன் ஒருவனைத் தனக்குப் பேசியிருக்கிறார்கள் என்று வகுப்பில் பூரணி வெட்கத்தோடு சொன்ன அன்று, அது தவராசா என்று விளங்கி, ராசமலர் வழக்கத்தைவிட அழுத்திப் பாடம் எடுத்தாள். அதுவும் உண்மை.

போரில் வீடு எரிந்து, தாய் தகப்பனையும் இழந்து அகதி முகாமில் இருந்த ராசமலரை, சீதனம் கேட்காமல் மூத்த மகனுக்கு எடுத்தாள் அன்னப்பிள்ளை. நல்ல மனம் என்று ஊரே மெச்சியது. யோகலிங்கம் அப்போதுதான் வளைகுடாவிலிருந்து வந்திருந்தான். இரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டு திருப்பி அனுப்பப்பட்டவன் என்பதை, எழும்ப முடியாமல் பாயில் கிடந்தபோதுதான் மனைவியிடம் சொன்னான். "அம்மாவுக்குத் தெரியும்," என்றும் சொன்னான்.

அவன் போன பிறகு, அவனைக் கொன்ற வருத்தத்தின் பெயர் ஊரில் கசிந்தது. அன்னப்பிள்ளை கிணற்றடியில் வைத்துச் சொன்னாள்: "முகாமில கிடந்தவள்தானே. ஆமிக்காரன் காவல் நிண்ட முகாம். அங்கயிருந்து கொண்டந்திருப்பாள்." அந்த ஒரு சொல்லில் மகன் சுத்தமானான், மருமகள் நோயானாள். அவள் பாயையும் தலையணையையும் கொல்லையில் போட்டு எரித்தார்கள். ஒழுங்கையில் குடியிருந்த ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

கணவனிடமிருந்து தொற்றிய நோய்க்குக் கொழும்பிலிருந்து வரும் குளிசைகளைத் தவறாமல் விழுங்கி ராசமலர் உயிரோடு எழுந்தாள். இளைஞர் கழகங்களை ஒன்றுசேர்த்து எயிட்ஸ் தடுப்பு வகுப்பு நடத்த ஒரு தொண்டு நிறுவனம் ஆள் தேடியபோது போய்ச் சேர்ந்தாள். சேவை என்றார்கள். அவள் மறுக்கவில்லை. அது பழிவாங்கல் என்று அவளுக்குத் தெரியும்.

சமாதான ஒப்பந்தம் கடதாசியில் இருந்த காலம். சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி, துறை கடந்து அலைந்தாள். இது டவுன்காரரின் வருத்தம் என்றது தம்பலகாமம். எங்கட பிள்ளைகளுக்கு இந்தக் கதையே வேண்டாம் என்றார்கள் கிண்ணியாப் பெரியவர்கள். ஷெல் விழுகிற ஊரில் இதென்ன வருத்தம் என்று சிரித்தது கட்டைபறிச்சான். கிண்ணியாவில் அசனா என்ற பெண் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைச் சம்மதிக்க வைத்தாள். கடைசியில் மூன்று ஊரும் ஒரே பாடத்தைப் படித்தன. எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது, ஆணுறை எதற்கு, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. கலியாணம் பேசினால் இருவரும் சேர்ந்து போய் இரத்தம் பார்ப்பது என்று அந்தப் பிள்ளைகளே முடிவெடுத்தார்கள்.

"தவராசா இரத்தம் பார்க்கப் போறன் எண்டுதான் நிக்கிறான்," என்றாள் அன்னப்பிள்ளை. குரல் இறங்கியிருந்தது. "ஆனா அங்க போனா மூத்தவன்ர கதை கிளம்பும். நீ ஒருக்கா வந்து, அவன் மஞ்சட்காமாலையில செத்தவனெண்டு சொல்லு பிள்ளை. உன்ர சொல்லைப் பூரணி வீட்டார் நம்புவினம்."

பிள்ளை! ராசமலருக்குச் சிரிப்பு வந்தது.

"பொய் சொல்ல ஏலாது மாமி. தவராசாவில ஒரு பிழையும் இல்லை எண்டு வந்து சொல்லுறன். அதுக்கு முதல் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வாங்கோ. மூண்டு ஊர்ப் பிள்ளையளும் வருவினம், பூரணியும் வருவாள். உங்களுக்கு என்ன தெரியும், எப்ப தெரியும் எண்டு அவையளுக்கு முன்னால சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

ஞாயிற்றுக்கிழமை அன்னப்பிள்ளை தவராசாவோடு வந்தாள். பிள்ளைகள் நிறைந்த மண்டபத்தில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூத்தவனுக்கு அந்த வருத்தம் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கட்டிவச்சனான்."

"ஏன் இவவைப் பார்த்தெடுத்தனீங்கள்?" என்று அசனா கேட்டாள்.

"முகாமில இருந்த பெட்டை. பிறகு வந்து ஏனெண்டு கேக்க ஆளில்லை."

"வருத்தம் முகாமில இருந்து வந்ததெண்டு சொன்னது?" என்றாள் ராசமலர்.

"நான் கட்டின கதை."

தவராசா தாயை யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். முன்வரிசையிலிருந்து பூரணி எழுந்தாள். அவள் அன்னப்பிள்ளையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நாளைக்கு ஆசுப்பத்திரிக்கு வாறீங்களோ?" என்று அவனிடம் கேட்டாள்.

"ஓம், வாறன்."

வெளியே மதில் ஓரத்தில் அன்னப்பிள்ளை ராசமலரின் கையைப் பிடித்தாள். இந்த ஊரில் அந்தக் கையை யாரும் தொட்டு வெகுகாலமாகியிருந்தது. "என்னை மன்னிச்சிடு பிள்ளை."

"ஏலாது மாமி." கையை விடுவித்துக்கொண்டாள். "அடுத்த ஞாயிறு கட்டைபறிச்சான். அதுக்கடுத்தது கிண்ணியா. அங்கயும் வந்து ஊராக்களுக்கு முன்னால இதைச் சொல்லவேணும்."

"ஒருக்காச் சொன்னாப் போதுமெண்டெல்லோ நினைச்சனான்!"

"முகாம் கதையை நீங்கள் ஒருக்காத்தானோ சொன்னனீங்கள்?"

ராசமலர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். பூரணி வீட்டுக்குப் போய்த் தவராசாவுக்காகப் பேசினாள். அவர்கள் இருவரும் சேர்ந்துபோய் இரத்தம் கொடுத்தார்கள். முடிவு என்னவென்று அவள் கேட்கவில்லை, அது அவர்களுடைய கதை. எழுத்துக்கு நாள் குறித்தார்கள்.

ஞாயிறு காலை, கட்டைபறிச்சானுக்குப் போக மூதூர்ப் படகு புறப்படும் துறையில் அன்னப்பிள்ளை நின்றாள். வரமாட்டேன் என்று அழுதவளைத் தவராசாதான் கூட்டிவந்து விட்டிருந்தான். படகில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவளுக்கு எதிரே ராசமலர் வந்து அமர்ந்தாள். படகு துறையை விட்டு விலகியது.

"மண்டபத்தில பின்வரிசைப் பிள்ளையளுக்கு நீங்கள் சொன்னது கேக்கேல்லையாம் மாமி," என்றாள். "இண்டைக்கு உரத்துச் சொல்லுங்கோ. கிணத்தடியில சொன்னமாதிரி."